இருபது டெட்ரி

திபிலீசியின் வடகோடியில்
எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்
காசு தின்னும்.
இருபது டெட்ரி விழுந்தால்தான் அசையும்.
காசு போடும் துளை
நிற்கிறவர் நெஞ்சுக்கு நேரே.
உட்கார்ந்திருப்பவர் ஊர்போக மாட்டார் என்று
எந்தப் பொறியாளரோ
எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

பதினெட்டு வயதில் என் கை
தலைக்கு மேல் போய் விளக்கை மாற்றியது.
இருபத்து மூன்றில் தாடை வரை.
இப்போது தொடைமேல் கிடக்கிறது,
விருந்தாளி மறந்துவிட்டுப் போன கையுறை போல.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்;
எனக்குக் கையே எட்டவில்லை.

வலிக்குமா என்று கேட்கிறார்கள்.
வலிக்காது.
சத்தமில்லாமல்
ஒவ்வோர் அறையாகக் காலி செய்துகொண்டு போகிறது
என் தசை.

இறங்குவது எளிது.
ஆறாம் மாடியில்
மரக்கரண்டியைப் பல்லில் கடித்துப்
பொத்தானை அழுத்தினால் போதும்;
ஒன்பதாம் மாடி லம்சிரா போட்ட காசில்
நானும் தரைக்கு வந்துவிடுவேன்.
ஏறுவதற்குத்தான் மனிதர் வேண்டும்.

அதனால் எல்லார் நேரமும் எனக்கு மனப்பாடம்.
டாக்ஸி ஓட்டும் பாத்ரி உணவுக்கு வருவது ஒன்றே காலுக்கு.
நாயோடு உஷாங்கி, நாயைப் பொறுத்து.
பிப்ரவரியில் ஒருநாள்
தபால் பெட்டிகளுக்குக் கீழே
இரண்டு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
அஞ்சலில் வந்தவன் போல,
முகவரி மட்டும் சரியாக இருந்தும்.

டிசம்பரில் எங்களுக்கென்று ஒரு நாள் உண்டு.
பூங்கொத்து தருவார்கள்.
வாங்கிக்கொள்ள மூன்று படி ஏற வேண்டும்.

லிஃப்டைப் பழுது பார்க்கக் கூட்டம் போட்டார்கள்,
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே,
ஜன்னல் இருப்பதால், புகைக்கலாம் என்பதால்.
லிஃப்ட் நிற்காத இடம் அது.
"உன்னை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்றுதான், தெங்கோ"
என்றாள் லம்சிரா, பிறகு.
உண்மையாகவே வருந்தினாள்.
அதுதான் கஷ்டம்.

பாத்ரி தன் போனை உயர்த்திப் பிடித்தான்.
அதற்குள்ளிருந்து சொன்னேன்:
துளையை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்.

யாரும் பேசவில்லை.
நாய் மட்டும் தும்மியது.
"அப்படியென்றால் நாங்கள் எல்லாரும் தினமும் குனிய வேண்டுமே?"
உஷாங்கியின் குரல்.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

எட்டுக்கு ஐந்து. என் பக்கம் எட்டு.
அந்த எட்டில் உஷாங்கியும் ஒருவர் என்று
வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆள் வந்து துளையை மாற்ற ஒன்பது மாதம்.
ஒன்பது மாதத்தில்
என் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
ஒன்றையொன்று சந்திப்பதை நிறுத்திக்கொண்டன.
காசைப் பிடிக்க முடியவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
கேக் வாங்கி வந்திருந்தார்கள்.

இப்போது எல்லாரும் குனிகிறார்கள்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு.
குனியும்போது அவர்கள் முகம்
என் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது.
லம்சிராவின் இடது கண் சற்றுப் பச்சை.
உஷாங்கிக்குத் தங்கப் பல் ஒன்று;
பதினாறு வருடமாக அவர் தாடையின் அடிப்பக்கத்தைத்தான்
பார்த்து வந்திருக்கிறேன்.
அந்த உயரத்தில் பேச்சும் வேறாக இருக்கிறது.
மகள் போன் செய்வதில்லை என்றார் நேற்று,
காசைத் துளையருகே பிடித்தபடி, போடாமல்.

ஒன்றே காலுக்குப் பாத்ரி வந்தான்.
"நீயே போடு, உன் துளைதானே" என்று
காசை என் உள்ளங்கையில் வைத்தான்.
அது நழுவியது.
உருண்டு போய்
என் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டது.

அவன் காசைப் பார்த்தான்.
என் விரல்களைப் பார்த்தான்.
பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்,
டாக்ஸி சாவி கையில் தொங்க.

கதவு தானாக மூடியது.
லிஃப்ட் அசையவில்லை.
"எப்போதிருந்து?" என்றான்.